அத்தியாயம் 7: கைகள் மரத்துக்கு, சாமான்கள் கயிற்றுக்கு

நவம்பர் மாதம். விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் மரத்தடிக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். தலைக்கு மேலே 18 அடி உயரத்தில் பரண். முதுகில் பை, கையில் வில், வில்லோடு இணைந்த தூணியில் ஐந்து அம்புகள். இவ்வளவு தூரம் தூக்கி வந்தவர்களுக்கு, வில்லை ஒரு கையில் பிடித்தபடியே இந்தப் பதினெட்டு அடியையும் ஏறிவிடலாம் என்றுதான் தோன்றும். அப்படி ஏறாதீர்கள்.

காரணம் எளிது. பரணில் ஏறும் ஒவ்வொரு கணமும் மூன்று பிடிமானம் வேண்டும்: இரண்டு கைகளும் ஒரு காலும், அல்லது இரண்டு கால்களும் ஒரு கையும். வில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டால், அடுத்த படிக்குக் கால் எடுக்கும்போது மிஞ்சுவது இரண்டே பிடிமானம். அதோடு, மான் வேட்டைக்கான பிராட்ஹெட் என்னும் அம்பு முனையில் சவரக் கத்திக்கு நிகரான கூர்மையுள்ள அலகுகள் இருக்கின்றன. கால் வழுக்கி விழுவது ஒரு விபத்து. அந்த அலகுகளின் மேல் விழுவது அதைவிடப் பெரிய விபத்து.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கு ஒரே விதிதான்: கைகள் மரத்துக்கு, சாமான்கள் கயிற்றுக்கு.

தொடங்கும் முன் சட்டம்: அமெரிக்க மாநிலங்களில் உரிமம் பெற்று வில்லால் வெண்வால் மான் வேட்டையாடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது இந்நூல். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவிலும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் போன்ற மாநிலங்களில் வில் வேட்டைக்கென்று தனிப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். பொது நிலங்கள் பலவற்றில் மரத்தில் திருகாணி ஏற்றக் கூடாது. இரவில் பரணை விட்டுச் செல்லவும் கூடாது. உங்கள் மாநிலத்தின் இந்த ஆண்டுக் கையேட்டைப் படித்துவிட்டு மேலே தொடருங்கள்.

## உடம்போடு எது, கயிற்றில் எது

எல்லாவற்றையும் பையில் திணித்துக் கயிற்றில் ஏற்றுவதும் தவறுதான். விழுந்து ஹார்னஸில் தொங்கும் நிலை வந்தால், கைக்கெட்டும் இடத்தில் சில பொருள்கள் இருந்தாக வேண்டும்.

உடம்போடு போக வேண்டியவை

- முழு உடல் ஹார்னஸ், அதன் டெதர் பட்டை, தொங்கும்போது காலை ஊன்றிக்கொள்ளும் துணைப் பட்டை
- கைபேசி: மார்புப் பையில், ஜிப் போட்டு
- விசில்
- நெற்றி விளக்கு: தலையில்
- ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே பட்டை: ஒரு கையால் எடுக்கக்கூடிய பையில்
- நாண் இழுக்கும் ரிலீஸ் கருவி: மணிக்கட்டில் அணிந்தபடி ஏறினால் அதன் கொக்கி படியிலோ பட்டையிலோ மாட்டும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டு மூடிவிடுங்கள்.

கயிற்றில் போக வேண்டியவை

- வில், தூணி, அம்புகள்
- முதுகுப்பை: தெர்மாஸ், கூடுதல் உடை, தொலைநோக்கி, கத்தி

குறிப்பு: தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டு ஏறாதீர்கள். அதன் வார் படியில் சிக்கினால் கழுத்தை இழுக்கும்.

## இழுகயிற்றைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் பாகங்களும் பூட்டிய காம்பவுண்ட் வில்லின் எடை பெரும்பாலும் 5, 6 பவுண்டுதான். பை அதிகம் போனால் 15 பவுண்டு. இந்த எடைக்குக் கயிறு அறாது. குளிரில் விறைத்த விரல்களால் அதைப் பிடிக்க முடியுமா என்பதே கேள்வி.

1. தடிமன். பலரும் வாங்குவது 550 பாராகார்ட். அது 550 பவுண்டு வரை தாங்கும். ஆனால் 4 மில்லிமீட்டர் தடிமன்தான் இருப்பதால் கையுறைக்குள் நழுவும், வெறுங்கையை அறுக்கும். 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னல் கயிறு நல்லது.
2. நீளம். பரணின் உயரத்தோடு 7 அடி சேர்த்துக்கொள்ளுங்கள். 18 அடிப் பரணுக்கு 25 அடி. சாமானை மரத்தடியிலிருந்து விலக்கி வைக்க அந்த 7 அடி வேண்டும். அதற்கு மேல் நீளம் இருந்தால் சிக்கல்தான் மிஞ்சும்.
3. நிறம். இருட்டில் தெரிய வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பும் இழை கலந்த கயிறு கிடைக்கிறது.
4. இரண்டு கயிறு. பைக்கு ஒன்று, வில்லுக்கு ஒன்று, வெவ்வேறு நிறத்தில். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் பாரம் கூடும், ஒன்றோடொன்று மோதும்.
5. முனை. கீழ் முனையில் ஒரு நிலையான கண்ணி போட்டு அதில் சிறிய காரபைனர் கொக்கியைக் கோத்துவிடுங்கள். குளிரில் முடிச்சுப் போடுவதைவிடக் கொக்கி மாட்டுவது எளிது.

எச்சரிக்கை: இழுகயிறு சாமானுக்கு மட்டும். அதைப் பிடித்து ஏறுவதோ, ஹார்னஸுக்குப் பதிலாக இடுப்பில் கட்டிக்கொள்வதோ கூடாது.

## வீட்டிலேயே செய்ய வேண்டியவை

1. கயிற்றை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு, வெயிலில் வெளுத்த விறைப்பு, அணில் கடித்த பள்ளம் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பருவம் முழுதும் மரத்தில் தொங்கிய கயிற்றை அடுத்த ஆண்டு மறுபடி பயன்படுத்த வேண்டாம்.
2. தூணியின் மூடியைப் பாருங்கள். ஒவ்வொரு பிராட்ஹெட்டும் மூடிக்குள் முழுமையாக மறைந்திருக்க வேண்டும். ஓர் அலகின் நுனி வெளியே தெரிந்தாலும் அந்தத் தூணி அந்த முனைக்குப் பொருந்தவில்லை.
3. ஒவ்வோர் அம்பும் பிடிப்பானில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று வில்லைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள்.
4. கையுறை போட்டபடி, விளக்கை அணைத்துவிட்டு, கட்டுவதையும் அவிழ்ப்பதையும் பத்து முறை செய்யுங்கள். கார் நிறுத்துமிடத்தில் வராத முடிச்சு காட்டில் வராது.
5. எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

## மரத்தடியில்: முதல் ஐந்து நிமிடம்

பரணை ஏற்கெனவே கட்டி, அதன் இரு பக்கமும் இழுகயிறுகளைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். கயிறுகளின் மேல் முனை பரணின் சட்டத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். வில்லுக்கான கயிறு, மேலே வில்லை மாட்டும் கொக்கி இருக்கும் பக்கத்தில் வருவது நல்லது.

1. ஹார்னஸை அணிந்து, கால், மார்புப் பட்டைகளை இறுக்குங்கள். இது நிலத்தில் செய்யும் வேலை. மேலே போய் அணிந்துகொள்ளலாம் என்று விடாதீர்கள்.
2. பரணுக்கு மேலிருந்து நிலம் வரை தொங்கும் லைஃப்லைன் கயிற்றில் டெதரைப் புருசிக் முடிச்சின் வழியே இணையுங்கள். கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் விளக்கிய முடிச்சு இது. கையால் நகர்த்தினால் மேலே நகரும், பாரம் விழுந்தால் இறுகிக்கொள்ளும்.
3. பையின் எல்லா ஜிப்புகளையும் மூடுங்கள். தொங்கும் வார்களைச் சுருட்டிச் செருகுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தூக்கும் வளையத்தில் கொக்கியை மாட்டுங்கள்.
4. வில்லைக் கட்டுங்கள். முறை அடுத்த பகுதியில் வருகிறது.
5. ஏறும் வழிக்கு எதிர்ப்பக்கமாக, கயிறு எட்டும் மட்டும் மரத்திலிருந்து விலக்கிச் சாமானை வையுங்கள். நீங்கள் விழுந்தால் விழக்கூடிய இடத்தில் வில்லோ அம்போ இருக்கக் கூடாது.
6. தொங்கும் கயிறு படிகளைச் சுற்றிப் போகவில்லை என்று விளக்கடித்துப் பாருங்கள்.

தம்மோடு ஏறிவரும் பரண் வைத்திருப்பவர்களுக்கு: லைஃப்லைன் இருக்காது. டெதரை மரத்தைச் சுற்றிய பட்டையில் இணைத்து, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பட்டையையும் மேலே நகர்த்துங்கள். இழுகயிற்றின் மேல் முனையைப் பரணின் இருக்கைச் சட்டத்தில் கட்டுங்கள். உங்கள் இடுப்பில் கட்டாதீர்கள். கீழே வேரில் மாட்டினால் அது உங்களைத்தான் இழுக்கும்.

## வில்லைக் கட்டும் முறை

காம்பவுண்ட் வில்லின் நடுவில் கைப்பிடி உள்ள உறுதியான பாகம் ரைசர். அதிலிருந்து மேலும் கீழும் நீளும் வளையும் பாகங்கள் லிம்ப். முனைகளில் சுழலும் சக்கரங்கள் கேம். கட்ட வேண்டியது ரைசரில்தான்.

1. அம்பு நாணில் தொடுத்திருக்கவில்லை, எல்லா அம்பும் தூணியில்தான் என்று உறுதிசெய்யுங்கள்.
2. கயிற்றின் முனையைக் கைப்பிடிக்குச் சற்று மேலே ரைசரைச் சுற்றிக் கொண்டுவந்து, காரபைனரை அதே கயிற்றில் மாட்டுங்கள். இழுக்க இழுக்க இறுகும் உருவாஞ்சுருக்காக அது அமையும்.
3. அங்கிருந்து கயிற்றை மேல் லிம்புக்குக் கொண்டுபோய் ஓர் அரைமுடிச்சாகச் சுற்றுங்கள். இதனால் வில் குறுக்காகத் தொங்காமல் நெட்டுக்குத்தாகத் தொங்கும். கிளையிலோ பரணின் விளிம்பிலோ மாட்டும் வாய்ப்புக் குறையும்.
4. கயிறு நாணையோ, கேபிளையோ, கேமையோ தொடவில்லை என்று பாருங்கள்.
5. வில்லை ஓர் அடி தூக்கிப் பாருங்கள். நேராகத் தொங்குகிறதா? தூணி சரியாமல் இருக்கிறதா? இல்லையென்றால் இங்கேயே திருத்துங்கள். பாதி உயரத்தில் தெரியவந்தால் திருத்த வழியில்லை.

எதில் கட்டக் கூடாது: நாண், கேபிள், குறிபார்க்கும் சைட், அம்பு தாங்கும் ரெஸ்ட், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெபிலைசர், தூணி. இவை எதுவும் வில்லின் முழு எடையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. சைட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அம்பு விலகி மானைக் காயப்படுத்தி விட்டுவிடும்.

வேறு வில்கள்: நீள்வில், ரிகர்வ் வில் ஆகியவற்றை நிலத்திலேயே நாணேற்றிவிட்டு, கைப்பிடியில் கட்டி இழுங்கள். குறுக்குவில்லை ஏற்றும்போது அதில் அம்பு இருக்கவே கூடாது. மற்ற முறைகளுக்கு அந்த வில்லோடு வந்த கையேட்டின்படி நடங்கள்.

## ஏறுதல், இழுத்தல்

1. வெறுங்கையோடு ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் புருசிக் முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே போங்கள். உறைபனி படிந்த படியில் முழுக் காலையும் ஊன்றி எடை போட்டுப் பார்த்த பிறகே அடுத்த காலை எடுங்கள்.
2. பரணில் கால் வைக்கும் கணம் கவனம் மிக வேண்டியது. படிகள் பரணின் மட்டத்துக்கு மேலேயும் தொடர்ந்தால், மேலேறி இறங்கிப் பலகையில் கால் வைக்கலாம். கீழிருந்து எக்கி ஏற வேண்டாம்.
3. உட்காருங்கள். டெதர் தலை மட்டத்திலோ அதற்கு மேலோ இணைந்திருக்க, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். நீளத் தொய்வு விட்டால், விழும்போது அவ்வளவு தூரமும் விழுந்த பிறகே அது பிடிக்கும்.
4. ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.
5. முதலில் பையை இழுங்கள். கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இது தெரிந்த வேலைதான்: கை மாற்றிக் கை மாற்றி, ஒரே சீராக. இழுத்த கயிறு மடியில் விழட்டும்.
6. பையைக் கொக்கியில் மாட்டிய பிறகு அதன் இழுகயிற்றைக் கழற்றுங்கள். பிறகு கழற்றிய கயிற்றைச் சுருட்டி ஓரமாக வையுங்கள்.
7. அடுத்து வில்லை இழுங்கள். கைக்கு எட்டியதும் ரைசரைப் பிடித்துக் கொக்கியில் மாட்டுங்கள். அதன் பின்பே கயிற்றை அவிழுங்கள்.
8. யாராவது உடன் வந்திருந்தால், சாமான் மேலேறி முடியும்வரை அவர் மரத்தடியில் நிற்கக் கூடாது.

எச்சரிக்கை: கயிற்றைக் கையிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். பிடி நழுவிச் சாமான் விழுந்தால் சுற்று இறுகி உங்களையும் சேர்த்து இழுக்கும். அதுபோலவே, பலகையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

## வழியில் சிக்கினால்

கிளையில் மாட்டிய வில்லை வெடுக்கென்று இழுப்பது எல்லோரும் செய்யும் தவறு. சைட் முறியலாம், தூணியின் மூடி திறந்து அம்பு விழலாம். இந்த வரிசையில் முயலுங்கள்:

1. ஓர் அடி கீழே இறக்குங்கள்.
2. கயிற்றை மெல்ல இடவலமாக ஆட்டி, வில் சுழன்று விலகுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.
3. மறுபடி மெதுவாக இழுங்கள்.
4. மூன்று முறைக்குப் பிறகும் வரவில்லையென்றால் முழுவதையும் நிலத்துக்கு இறக்கிவிட்டு, லைஃப்லைனில் இணைந்தபடியே இறங்கிப் போய் எடுத்துவிடுங்கள்.

பரணின் விளிம்பில் குனிந்து எட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். டெதர் இருக்கிறதே என்ற துணிச்சலும் வேண்டாம். அது விழுந்தபின் காப்பதற்கு, எட்டிப்பார்ப்பதற்கு அல்ல.

குறிப்பு: பருவம் தொடங்கும் முன், பரணைக் கட்டும் நாளிலேயே, சாமான் ஏறிவரும் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கிளைகளை, அனுமதியுள்ள நிலமாக இருந்தால், வெட்டிவிடுங்கள். இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாமல் போகும்.

## மேலே வந்த வில்லைச் சோதித்தல்

1. கேம் சக்கரங்களின் பள்ளத்தில் நாணும் கேபிளும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா?
2. சருகு, சுள்ளி ஏதாவது கேமிலோ ரெஸ்டிலோ சிக்கியிருக்கிறதா?
3. நாணில் வெட்டோ பிசிறோ உண்டா? இருந்தால் இன்று அந்த வில்லை இழுக்கவே கூடாது.
4. சைட்டின் திருகுகள் தளர்ந்துள்ளனவா?
5. எல்லாம் சரியென்றால், தூணியின் மூடியை உங்கள் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து ஓர் அம்பை எடுங்கள். முனையைத் தொடாமல் தண்டைப் பிடித்துத் தொடுங்கள்.

இழுகயிறுகளை எண்வடிவில் சுருட்டிப் பரணின் பக்கத்தில் மாட்டிவையுங்கள். மடியில் கிடந்தால் எழுந்து குறிபார்க்கும்போது காலில் சுற்றும்.

## இறங்கும்போது

ஏறும்போது இருந்த கவனம் இறங்கும்போது இருப்பதில்லை. மாலை இருட்டிவிட்டது, கால் மரத்துப்போயிருக்கிறது, பசிக்கிறது. மானை எய்திருந்தால் கையும் நடுங்கும். எய்த மானைத் தேடப் போகும் முன் அரை மணி நேரமாவது காத்திருப்பது வில் வேட்டையின் வழக்கம். அந்த அரை மணி நேரம் உங்கள் கை நடுக்கம் தணியவும் வேண்டும்.

1. நெற்றி விளக்கை ஏற்றுங்கள். உட்கார்ந்தபடியே கால்களை நீட்டி மடக்கி உணர்வு வரவழையுங்கள்.
2. நாணில் உள்ள அம்பை எடுத்துத் தூணியில் வைத்து மூடியைச் சரிபாருங்கள்.
3. வில்லை ஏற்றியபோது கட்டியதுபோலவே கட்டி, ஏறும் வழிக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக இறக்குங்கள். கயிறு தளர்ந்தால் வில் நிலம் தொட்டுவிட்டது.
4. அதேபோல் பையை இறக்குங்கள். கைபேசி, விசில், டூர்னிகே உங்கள் சட்டையில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள்.
5. லைஃப்லைனில் இணைந்தபடி, மரத்தைப் பார்த்து, மூன்று பிடிமானத்தோடு இறங்குங்கள்.
6. இரண்டு காலும் நிலத்தில் ஊன்றிய பிறகே டெதரைக் கழற்றுங்கள்.

அம்பு முனை வெட்டிவிட்டால்: சுத்தமான துணியை வைத்து வெட்டின் மேல் பலமாக அழுத்துங்கள், அழுத்தத்தை எடுக்காதீர்கள். கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சினால் வெட்டுக்கு மேலே டூர்னிகேவை இறுக்குங்கள். உடனே 911ஐ அழையுங்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவது. கை காலியாக இருப்பதால் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் லிம்ப் படியில் மாட்டி உங்களைப் பின்னுக்குத் தள்ளும், அம்பு முனையோ விலாவுக்கு அருகில் இருக்கும்.
- கத்தியை உறையோடு இடுப்பில் வைத்து ஏறுவது. பையில் போடுங்கள்.
- சாமானை நேர் கீழே வைப்பது. விழுந்தால் அதன் மேல்தான் விழுவீர்கள்.
- இறங்கும்போது வில்லை மேலிருந்து நழுவவிடுவது. ஒரு நிமிடம் மிச்சமாகும், வில் கெடும்.
- நேரமாகிவிட்டது என்று ஒரு படியைத் தாண்டுவது. பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே எய்ய அனுமதி தொடங்கிவிடும். அதைப் பிடிக்க அவசரப்படுவதைவிட, இருபது நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுப் புறப்படுங்கள்.

தினைப்புனத்தில் பரண் கட்டிக் காவல் இருந்த மக்களின் மொழி நமது. பரண் என்றால் உயரத்தில் பொறுமையாகக் காத்திருக்கும் இடம் என்று நமக்குத் தெரியும். அந்தப் பொறுமை மரத்தடியிலேயே தொடங்க வேண்டும். முதல் படியில் கால் வைக்கும் முன் இரண்டு கைகளையும் விரித்துப் பாருங்கள். அவற்றில் எதுவும் இல்லாவிட்டால் மட்டும் ஏறுங்கள்.